தழும்பைப் பார்த்து "பெருமைப்படுங்கள்" என்கிறார்கள். எதற்கு?

முழுக்கை (இழையைத் தொடங்கியவர்):

ஆறு வயதில் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்து என்மேல் கொட்டிக்கொண்டேன். இப்போது 34 வயது. வலது கையில் முழங்கைக்கு மேலே தொடங்கி மணிக்கட்டு வரை தழும்பு. தோல் சுருங்கி, இடையிடையே பளபளவென்று, நிறம் ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கறுத்தும் இருக்கும். விவரம் தெரிந்த நாள் முதல் முழுக்கைச் சட்டைதான். வெயில் காலத்திலும் அதே.

போன வாரம் அலுவலகத்தில் ஏசி நின்றுவிட்டது. புழுக்கம் தாங்காமல், யோசிக்காமலே கையை மடித்துவிட்டுக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் பார்த்துவிட்டு, "ஏன் மறைக்கிறீங்க? இது உங்க வீரத்தோட அடையாளம். நீங்க பெருமைப்படணும்" என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இத்தனை வருடம் கேட்ட "ஐயோ பாவம்" எதுவும் கிளப்பாத எரிச்சலை அந்த ஒரு வரி கிளப்பிவிட்டது.

என்ன வீரம்? எட்டாத உயரத்தில் இருந்த பாத்திரத்தை எட்டி இழுத்தேன். அவ்வளவுதான் கதை. கையை ஏற்றுக்கொண்டேனா என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம். கண்ணாடி முன்னால் அழுத காலம் எல்லாம் முடிந்துவிட்டது. பெருமை என்பது மட்டும் புரியவில்லை. உங்களில் தழும்பு உள்ளவர்கள் சொல்லுங்கள்: நிஜமாகவே பெருமையாக இருக்கிறதா, இல்லை அப்படிச் சொன்னால்தான் மற்றவர்கள் நிம்மதியாகப் போவார்கள் என்று சொல்கிறோமா?

---

இருபத்திரண்டுதையல்:

எனக்கு நிஜமாகவே பெருமைதான் அம்மா, ஒளிக்க மாட்டேன். நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இதய அறுவை சிகிச்சை. நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, வேலையை முடித்து, கம்பி போட்டுக் கட்டி மூடியிருக்கிறார்கள். குளித்துவிட்டு வரும்போது பேரன் "தாத்தா, ஜிப்பைத் திற" என்பான்.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்த பிறகு யோசித்தேன். அறுத்தவர் வேறு ஒருவர். நான் மயக்கத்தில் கிடந்தேன். நான் செய்த ஒரே காரியம் மறுபடி எழுந்து நடந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தால் முதல் நாள் பத்தடி நடந்தது ஞாபகம் வருகிறது. என் பெருமை அந்தப் பத்தடிக்குத்தான் போலிருக்கிறது.

---

நிலாமுற்றம்:

உடைந்த கிண்ணத்தைத் தங்கத்தூள் கலந்த அரக்கால் ஒட்டும் ஜப்பானியக் கலை தெரியுமா? கின்ட்சுகி என்பார்கள். விரிசலை மறைக்காமல் மின்ன வைப்பார்கள். தழும்பும் அப்படித்தான், தோழி.

---

கறார்:

கிண்ணத்துக்கு வலிக்காது. கிண்ணம் ஆட்டோவில் ஏறும்போது யாரும் முறைத்துப் பார்ப்பதும் இல்லை.

---

நிலாமுற்றம்:

சரி சரி. ஆறுதலாகச் சொல்ல வந்தேன்.

---

பழையபேனா:

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீரம் என்ற சொல் இங்கே வந்துவிட்டதால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடல் தழும்பில் பெருமைப்படுவது நமக்குப் புதிதாக வந்த பழக்கம் இல்லை. விழுப்புண் என்று தனிச்சொல்லே இருக்கிறது. முகத்திலும் மார்பிலும் பட்ட புண். அது படாமல் கழிந்த நாளை எல்லாம் வீணாய்ப் போன நாள் என்று வீரன் கணக்கு வைப்பானாம், படைச்செருக்கு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். அதே புண் முதுகில் பட்டால் புறப்புண். அதற்கு நாணி, உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்ட சேரமான் பெருஞ்சேரலாதனைப் புறநானூற்றில் பார்க்கலாம். அதே வேல், அதே தோல், அதே இரத்தம். பட்ட இடம் மாறினால் பெருமை சாவாகிவிடுகிறது. அப்படியானால் பெருமையும் வெட்கமும் புண்ணில் இல்லை. பார்க்கிறவன் கையில் வைத்திருக்கிற அளவுகோலில் இருக்கிறது.

இன்னொன்று. வடு, தழும்பு இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகிறோம். வடு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பழி, குற்றம் என்றும் பொருள் உண்டு. குற்றவாளியைத் தண்டிப்பது "வடு அன்று, வேந்தன் தொழில்" என்று குறளிலேயே வருகிறது. நாவினால் சுட்டது ஆறாது என்று சொல்ல வந்த இடத்திலும் தீயினால் சுட்டதைப் புண் என்கிறார், நாவினால் சுட்டதையே வடு என்கிறார். தழும்பு போன வழி வேறு. நாத்தழும்பேறப் புகழ்ந்தான் என்கிறோம், படித்துப் படித்துத் தழும்பேறிய பாடம் என்கிறோம். திரும்பத் திரும்பப் பட்டதால் பழகிப்போனது தழும்பு. என் நடுவிரலில் பேனா அழுத்திய காய்ப்பு இன்னும் இருக்கிறது. அதை யாராவது வடு என்றால் எனக்குக் கோபம் வரும்.

ஆகவே, முழுக்கை அவர்களே, வீரமும் வேண்டாம் பழியும் வேண்டாம் என்றால் உங்களுக்கான சொல் தழும்புதான்.

---

முழுக்கை:

ஐயா, "பழகிப்போனது" என்பது பிடித்திருக்கிறது. வெந்நீரோடு நான் போர் எதுவும் செய்யவில்லை. புறமுதுகும் காட்டவில்லை, அதற்கு நேரம் இருக்கவில்லை.

---

கட்டுப்போடுபவள்:

15 வருடமாகக் காயங்களுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற வேலை. பெருமையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியாது. தழும்பு எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தோலின் மேலடுக்கு மட்டும் சிராய்த்தால் தடம் தெரியாமல் ஆறிவிடும். காயம் அதற்குக் கீழே உள்தோல் வரை இறங்கினால்தான் தழும்பு. அப்போது உடம்புக்கு ஒரே அவசரம்: திறந்து கிடக்கிற வாசலை மூடியாக வேண்டும். பழைய தோலை அச்சு அசலாக நெய்துகொண்டிருக்க நேரம் கிடையாது. நல்ல தோலில் கொலாஜன் என்ற புரத இழைகள் கூடை முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தழும்பில் பெரும்பாலும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அந்தப் பளபளப்பும் இறுக்கமும் அதனால்தான். ஆழமான காயத்தில் மயிர்க்காலும் வியர்வைச் சுரப்பியும் திரும்ப வருவதில்லை.

வாசல் மூடியதோடு வேலை முடியாது. முதலில் போட்ட மெல்லிய இழையைப் பிரித்து, அந்த இடத்தில் உறுதியான இழையைப் போட்டுக்கொண்டே இருக்கும் உடம்பு. ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் நடக்கும். அதனால்தான் தழும்பைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் முதல் ஒரு வருடம் அதை எடைபோடாதீர்கள் என்பேன். சிவப்பு குறையும், மேடு தணியும். ஆனால் எத்தனை நாள் ஆனாலும் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் திரும்பும். மீதி வராது. வராததை வரும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

இப்போது எனக்குப் பிடித்த விஷயம். தழும்பு என்றால் எப்போதோ முடிந்துபோன ஒன்று என்று நினைக்கிறோம் இல்லையா? அப்படி இல்லை. கொலாஜன் தேய்வதும் புதிதாக உண்டாவதும் வாழ்நாள் முழுக்க நடக்கிறது, அதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதி உலகைச் சுற்றிக் கப்பல்களில் போனபோது மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோய் வந்தது. மாதக்கணக்கில் பழமோ காய்கறியோ கண்ணில் படாததன் விளைவு. அந்தப் பயணத்தின் குறிப்பில் ஒரு கிழட்டுச் சிப்பாய் வருகிறார். 1690இல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயம்பட்டவர். 50 வருடத்துக்கு முன்னால் ஆறிப்போன அந்தக் காயங்கள் கப்பலில் மறுபடி திறந்துகொண்டன, ஒருபோதும் ஆறாதவை போல.

அப்படியானால் அந்த 50 வருடமும் அவர் உடம்பு அந்தக் காயத்தை விடாமல் மூடிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. முழுக்கை, உங்கள் கை ஆறு வயதில் ஆறி முடிந்துவிடவில்லை. இதைப் படிக்கிற இந்த நேரத்திலும் ஆற்றிக்கொண்டிருக்கிறது. (ஒரு சந்தேகம்: தழும்பு இருக்கிற இடம் மட்டும் வியர்க்காதே, கவனித்திருக்கிறீர்களா?)

---

முழுக்கை:

ஏசி நின்ற அன்று உடம்பெல்லாம் நனைந்து அந்த இடம் மட்டும் காய்ந்துபோய் இருந்தது. இத்தனை வருடமாக அது ஏதோ என் கற்பனை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சிப்பாயை மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

---

மேடு:

எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. விபத்து, ஆபரேஷன், போர். என் நெஞ்சிலும் தோளிலும் இருப்பது பருவில் வந்த கீலாய்டு. பரு! பட்டாணி அளவில் வந்த பருவிலிருந்து விரல் தடிமனுக்கு வளர்ந்து, பக்கத்து நல்ல தோலிலும் கால் வைத்துவிட்டது. அரிக்கும், சில இரவு சுடும். நீச்சல் குளத்துப் பக்கம் போய் ஏழு வருடம் ஆகிறது. இதில் எதை ஏற்றுக்கொள்வது? அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறதே. "உன்னை நீ நேசி" என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

---

கட்டுப்போடுபவள்:

மேடு, உங்கள் கோபம் சரியான கோபம். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்கிற தழும்பு வேறு, எல்லை தாண்டிப் படர்கிற கீலாய்டு வேறு. முதலாவது நாளாக ஆகத் தணிய வாய்ப்புண்டு. கீலாய்டு தானாகப் போவது அரிது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். நெஞ்சு, தோள், காதுமடல் அதற்குப் பிடித்த இடங்கள். சின்னக் கீறல், காது குத்தியது, பரு, எது வேண்டுமானாலும் தொடக்கமாக இருக்கலாம். நீங்கள் சுத்தமாக இல்லாததால் வந்ததில்லை, கிள்ளியதால் மட்டும் வந்ததும் இல்லை.

"வெட்டி எடுத்துவிடுகிறேன், முடிந்தது" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வெறுமனே வெட்டினால் பலருக்கு முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வரும். வழக்கமாகச் செய்வது, கீலாய்டுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி, சில வாரங்களுக்கு ஒரு முறை, பல தடவை. கூடவே சிலிகான் பட்டை, அதுவும் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மாதக்கணக்கில். அரிப்பும் எரிச்சலும் பெரும்பாலும் முதலில் அடங்கும், உயரம் அப்புறம் குறையும். தோல் மருத்துவரைப் பாருங்கள்.

சிகிச்சைக்குப் போவது ஏற்றுக்கொள்ளாததின் அறிகுறி என்று இணையத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பல் வலித்தால் பல்லை நேசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்போமா?

---

மேடு:

காது குத்தினாலே வரும் என்பது இன்றுதான் தெரியும். என் அக்காவுக்குக் காதில் இருக்கிறது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

---

வரிக்குதிரை:

பெருமை பற்றி நானும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இரண்டு சிசேரியன். அடிவயிற்றில் கிடைமட்டமாக ஒரு கோடு, 1900இல் ஃபானென்ஸ்டீல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த அதே வெட்டு. அதற்கு மேலே வெள்ளிக் கோடுகளாக வயிற்று வரிகள். முதலில் செக்கச்செவேல் என்று இருந்தன, இரண்டு வருடத்தில் வெளுத்தன.

தாய்மையின் பதக்கம், புலியின் வரி என்றெல்லாம் படம் போடுகிறார்கள். போடட்டும். கோட்டுக்கு மேலே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் மரத்துப்போய் இருக்கிறது, தொட்டால் வேறு யார் வயிற்றையோ தொடுகிற மாதிரி. வெட்டும்போது அறுபட்ட சின்ன நரம்புகள் முழுதாகச் சேரவில்லையாம். அதைச் சொன்னால் "குழந்தைகள் நல்லா இருக்காங்க இல்ல, அப்புறம் என்ன?" என்கிறார்கள். பதக்கம் குத்திவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ஏற்பாடு போல.

எனக்கு வரிகள் பிடிக்கும். வெட்டு பிடிக்காது. ஒரே வயிற்றில் இரண்டும் இருக்கின்றன.

---

கறார்:

இங்கே தழும்பே இல்லை என்று ஓரமாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஓர் அறிவிப்பு: தொப்புளும் தழும்புதான். வாழ்க்கையின் முதல் வெட்டு, நம்மைக் கேட்காமல் போட்டது. அதற்கு யாரும் பெருமையும் படுவதில்லை, வெட்கமும் படுவதில்லை, பஞ்சுதான் எடுக்கிறோம்.

---

இருபத்திரண்டுதையல்:

கறார், உங்களுக்கு இப்படி எல்லாம் எழுத வரும் என்று தெரியாமல் போயிற்று!

---

வரலாற்றுப்பைத்தியம்:

பழையபேனா ஐயா "பார்க்கிறவன் கையில் இருக்கிற அளவுகோல்" என்றாரே, அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் இருக்கிறது. இரண்டு ஊர், இரண்டு போர்.

முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1917இல் சிட்கப்பில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். ஹாரால்ட் கில்லிஸ் என்ற அறுவை மருத்துவர். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அவரைத்தான் தந்தை என்கிறார்கள். 5,000 பேருக்கு மேல் சிகிச்சை, 11,000க்கு மேல் அறுவை. வேலை அபாரம். ஆனால் வார்டில் கண்ணாடிக்குத் தடை. ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் அடித்து வைத்தார்கள். நோயாளிகள் உட்காரும் இடம், பார்த்தால் அதிர்ச்சியடையலாம் என்று ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை! அந்த நீலப் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

இரண்டாம் உலகப்போரில் விமானத்தில் எரிந்துபோன வீரர்கள் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊருக்கு வந்தார்கள். மருத்துவர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ, கில்லிஸின் உறவினர், அவரிடமே தொழில் பழகியவர். இவர் செய்தது வேறு. இந்தப் பையன்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், கடையில் பார்த்தால் பேசுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் போய்ச் சொன்னார். நோயாளி உடுப்புக்குப் பதிலாகச் சொந்தச் சீருடையை அணிய விட்டார். முறைத்துப் பார்க்காத ஊர் என்றே அதற்குப் பெயர் வந்தது. நோயாளிகள் 1941இல் தங்களுக்குள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெயர் கினிப்பன்றிச் சங்கம், புதுப்புது அறுவை முறைகள் எல்லாம் தங்கள்மேல் சோதிக்கப்படுவதால். விரல் வெந்துபோனவரைச் செயலாளராகப் போட்டார்கள், கூட்டக் குறிப்பை நீட்டி எழுத மாட்டார் என்று. கால் வெந்தவர் பொருளாளர், பணத்தோடு ஓட முடியாது என்று. போர் முடிகிறபோது 649 உறுப்பினர்கள்.

முகம் இரண்டு ஊரிலும் அதே முகம்தான். முழுக்கை அவர்களே, உங்கள் அலுவலகத்துப் பெண்ணிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "நீ பெருமைப்படு" என்று தழும்பு உள்ளவரிடம் சொல்வது பாதி வேலையை அவர் தலையில் கட்டுவது. மெக்கிண்டோ மீதிப் பாதியைச் செய்தார்: மற்றவர்களிடம் போய்ப் பேசினார்.

அதே மாதிரி, முகத்தில் வெட்டுத் தழும்பு என்றால் வில்லன் என்று சினிமா காலங்காலமாகச் சொல்லித் தருகிறது. முகத் தழும்பு உள்ளவர்களுக்காக நடக்கும் ஓர் அமைப்பின் இயக்கத்தை ஆதரித்து, தழும்பை வில்லத்தனத்தின் குறியாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தர மாட்டோம் என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2018இல் அறிவித்தது. இதுவும் அந்த மீதிப் பாதிதான்.

---

நிலாமுற்றம்:

பயத்தோடு ஒன்று சொல்கிறேன், கறார் அடிக்க வரக்கூடாது. மாடலாக இருந்த பத்மா லட்சுமிக்கு வலது கையில் ஏழு அங்குலத் தழும்பு. 14 வயதில் கார் விபத்து. ஹெல்மட் நியூட்டன் என்ற பெரிய புகைப்படக்காரர் அந்தத் தழும்போடு படம் எடுத்த பிறகு, மறைத்துக்கொண்டிருந்தவர் மறைப்பதை விட்டார்.

---

கறார்:

அடிக்கவில்லை. நல்ல செய்திதான். ஆனால் பாருங்கள், அங்கேயும் வேறு ஒருவர் கேமராவோடு வர வேண்டியிருந்தது. கேமரா வராத கைகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஜெர்மன் பல்கலைக்கழக மாணவர்கள் வாள் சண்டை போட்டுக் கன்னத்தில் வெட்டு வாங்கிக்கொள்வார்கள். ஷ்மிஸ் என்று பெயர். மேல்தட்டு ஆள் என்பதற்கு அடையாளம். வெட்டு பளிச்சென்று தெரிய வேண்டும் என்று காயத்தை ஆறவிடாமல் கிளறியவர்களும் உண்டு. பெருமை முற்றினால் இங்கே போய் நிற்கும்.

---

பெயர்வேண்டாம்:

இதற்காகவே புதுக் கணக்குத் தொடங்கினேன். என் கையில் இருப்பவை நானே போட்டுக்கொண்டவை. 19, 20 வயதில். இப்போது நன்றாக இருக்கிறேன், ஐந்து வருடம் ஆகிவிட்டது, உதவி கிடைத்தது.

விழுப்புண்ணும் இல்லை, விபத்தும் இல்லை. பெருமைப்படு என்றால் எதைக் கொண்டாடச் சொல்கிறீர்கள் என்று தோன்றும். வெட்கப்படு என்றால் அந்தப் பெண்ணை மறுபடி தனியாக விட்டமாதிரி இருக்கும். நான் இப்போது செய்வது ஒன்றுதான்: குளிக்கும்போது மற்ற இடத்துக்குச் சோப்புப் போடுவது போல அங்கேயும் போடுகிறேன். முன்பு அந்தக் கையைப் பார்க்காமல் கழுவுவேன்.

---

இருபத்திரண்டுதையல்:

நன்றாகப் போடுங்கள் கண்ணு. எழுதியதற்கு நன்றி. எப்போதாவது மனது அந்தப் பக்கம் திரும்பினால் அன்றைக்கே, முன்பு உதவியவர்களைக் கூப்பிட்டுவிடுங்கள். இங்கேயும் வாருங்கள்.

---

வாசல்படி:

வேறு ஒரு கேள்வி, இழையைத் திசைதிருப்பினால் மன்னிக்கவும். என் மகளுக்கு ஏழு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் நாய் கடித்துக் கன்னத்தில் தழும்பு. சிவப்பாக, மேடாக இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் "என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்களாம். வெளியே போனால் பெரியவர்களும் கேட்கிறார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் நானோ மனைவியோ முந்திக்கொண்டு பதில் சொல்லி அவளை நகர்த்திவிடுகிறோம். சரியா?

---

முழுக்கை:

அண்ணா, இது எனக்குத் தெரிந்த பாடம், அதனால் சொல்கிறேன். முந்திக்கொள்ளாதீர்கள். என் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். அன்பினால்தான். ஆனால் யாராவது கையைப் பார்த்த உடனே பெரியவர்கள் குரல் மாறும், பேச்சு வேகமாகும், என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, இது ஏதோ சொல்லக்கூடாத விஷயம் என்பதுதான்.

அவளுக்கென்று ஒரு சின்னப் பதிலை அவளே செய்துகொள்ளட்டும். "நாய் கடிச்சிடுச்சு, இப்ப வலிக்கல" போதும். பிள்ளைகள் அதோடு விளையாடப் போய்விடுவார்கள். சொல்லப் பிடிக்காத நாளில் "இப்ப சொல்லப் பிடிக்கல" என்பதும் முழுப் பதில்தான் என்று சொல்லிக் கொடுங்கள். பெரியவர்கள் கேட்டாலும் அதேதான். எனக்கு அது 25 வயதில்தான் தெரிந்தது. அதுவரை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குக்கூட முழுக்கதையும் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை சலித்துப்போய் முதலை கடித்தது என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டார்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு சிநேகிதி கேட்டாள்: "தொட்டுப் பார்க்கட்டுமா?" தொட்டுவிட்டு, "வழவழன்னு இருக்கு" என்றாள். அவ்வளவுதான். என் கையைப் பற்றி யாரும் பேசியதில் எனக்குப் பிடித்த வாக்கியம் இன்றுவரை அதுதான்.

---

கட்டுப்போடுபவள்:

வாசல்படி, மூன்று மாதத்தில் சிவப்பும் மேடும் இருப்பது இயல்பு, அது உச்சத்தில் இருக்கிற நேரம். வெயிலில் போகும்போது தொப்பியும் சன்ஸ்கிரீனும் மறக்காதீர்கள். புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துப்போய் அப்படியே தங்கிவிடலாம். மருத்துவர் சரி என்றால் வாசனை இல்லாத க்ரீம் வைத்து மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடலாம். அதை அவளையே செய்யச் சொல்லுங்கள், தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பழகட்டும்.

---

முழுக்கை:

பத்து நாள் கழித்து வருகிறேன். வாசல்படி அண்ணாவுக்குப் பதில் எழுதியதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "என் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்" என்று எழுதினேன் இல்லையா. அதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது.

அலுவலகத்தில் கையை மடித்தபோது எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தெருவில்கூட மடித்துக்கொள்ள முடியும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அம்மா முன்னால் இந்த 28 வருடத்தில் நான் அரைக்கைச் சட்டை போட்டதே இல்லை. தூங்கும்போதுகூட. அந்தப் பாத்திரத்தை அங்கே வைத்தவர் அவர். அதை ஒரு நாளும் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. என் சட்டைக் கை நீண்டது ஊருக்காக என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் இத்தனை காலம் மறைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அரைக்கையோடு போனேன். மனதில் வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்தார், கையைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அரை மணி நேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கைக்குக் கீழே சரியாக அந்த மேடான இடத்தில் விரலை வைத்து, "இன்னும் ராத்திரியில அரிக்குதா?" என்று கேட்டார். சின்ன வயதில் அரிப்புத் தாங்காமல் நான் அழும்போது விடிய விடிய அந்த இடத்தில் ஊதிக்கொண்டே இருப்பாராம். எனக்கு அது ஞாபகமே இல்லை.

சில நாள் அரிக்கும் என்றேன். குனிந்து ஊதினார்.

இதற்குப் பெயர் பெருமையா என்று கேட்காதீர்கள்.

---

பழையபேனா:

கேட்கவில்லை அம்மா.

---

மேடு:

அக்காவிடம் பேசினேன். இரண்டு பேரும் சேர்ந்து தோல் மருத்துவரிடம் போகிறோம். முதல் ஊசி அவளுக்கா எனக்கா என்று சண்டை. ஊசி வலிக்குமா என்று யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

---

கட்டுப்போடுபவள்:

வலிக்கும். மரத்துப்போகிற க்ரீம் முன்கூட்டியே தடவச் சொல்லிக் கேளுங்கள்.

முழுக்கை, அரிப்புக்கு: பழைய தீக்காயத் தழும்பில் எண்ணெய்ச் சுரப்பி இருக்காது, அதனால் சீக்கிரம் வறண்டுவிடும், வறண்டால் அரிக்கும். குளித்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் க்ரீம் தடவிப் பாருங்கள், தினம் இரண்டு மூன்று தடவை. கொதிக்கிற வெந்நீரில் குளிக்க வேண்டாம். இதை உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

---

கறார்:

எல்லாம் சரி. இனிமேல் பெயரை "அரைக்கை" என்று மாற்றிக்கொள்வீர்களா?

---

முழுக்கை:

மாட்டேன். அலுவலகத்தில் ஏசியைச் சரிசெய்துவிட்டார்கள். குளிர்கிறது.